சிப்பியை ஓட்டோடு விழுங்கும் ஐடர் வாத்து

[காட்சி: கடியப்பட்டணம் பாறைக்கரை. வலைப்பையிலிருந்து சிப்பி கொட்டுகிறார்கள்.]

ஒரு கிலோ சிப்பி வாங்கி அவிச்சுப் பாருங்க. ஓடு ஒரு குவியல், பாத்திரத்துல தண்ணி. குழம்புக்குப் போற சதை கால் கிலோ தேறினாலே பெரிசு. கடியப்பட்டணம், இனயம், குளச்சல் பாறைகள்ல முங்கி சிப்பி எடுக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வடதுருவத்தை ஒட்டின குளிர்கடல்கள்ல ஒரு வாத்தோட பிழைப்பே இந்தக் கணக்குலதான் ஓடுது. அதோட பேரு ஐடர்.

ஐஸ்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து, கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா கரைகள்ல இதைப் பார்க்கலாம். நல்லா தின்னு கொழுத்தது 2 கிலோவைத் தாண்டும். தேரூர் குளத்துக்கு வர்ற ஊசிவால் வாத்து இதுல பாதிதான் இருக்கும். அது நன்னீர்ல தலையை முக்கி, வாலை மேல தூக்கிட்டு மேயும். ஐடர் உடம்போட முங்கிரும். பாதி விரிச்ச சிறகாலயும் காலாலயும் தண்ணியைத் தள்ளிக்கிட்டு அடிப்பாறைக்குப் போகும். பெரும்பாலும் 10 மீட்டருக்குள்ளதான் மேய்ச்சல்.

[காட்சி: சிப்பி நார், கைக்கு அருகில்.]

சிப்பியைக் கழுவுறப்போ ஓரத்துல நீட்டிட்டு நிக்கிற நாரைப் பிய்ச்சுப் போடுவோம் இல்லையா? சிப்பி பாறையைக் கெட்டியாப் பிடிச்சிருக்கிறது அதாலதான். ஐடரோட அலகு நுனியில கீழ்நோக்கி வளைஞ்ச ஒரு கெட்டி நகம் இருக்கு. அதால கவ்வி, இழுத்து அறுக்கும். அறுத்ததை ஓட்டைத் திறக்காம அப்படியே விழுங்கிரும். அரைக்கிற வேலையெல்லாம் தடிச்ச தசையான அரைவைப்பையோடது. நொறுங்கின ஓடு எச்சத்தோட கரகரன்னு வெளிய வரும். நண்டு கிடைச்சா மட்டும் உதறி உதறிக் காலைக் கழட்டிட்டு விழுங்கும்.

முழுசா விழுங்குறதுல ஒரு நஷ்டம் உண்டு. ஓடு செத்த சுமை. அதோட, 1 டிகிரி, 2 டிகிரி கடல்ல இருந்து வந்த சிப்பியை உடம்போட 40 டிகிரிக்குச் சூடாக்கணும். தின்ன தீனியில ஒரு பங்கு அதுக்கே செலவாகும். அதனால கண்ணுல பட்டதுல பெரிய சிப்பியை இது எடுக்கிறதில்லை. நடுத்தரமா, ஓடு மெலிசா, சதை நிறைஞ்சதாப் பார்த்துப் பொறுக்கும். கேரளத்துல படன்னை பக்கம் கயித்துல சிப்பி வளர்க்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஸ்காட்லாந்துலயும் அந்தத் தொழில் உண்டு. கயித்துச் சிப்பிக்கு ஓடு மெலிசுங்கிறதால ஐடர் கூட்டம் நேரா அங்கதான் இறங்கும். பண்ணைக்காரங்க சுத்தி வலை கட்டி வைப்பாங்க. சிப்பியோட உள்ள போற உப்பை, கண்ணுக்கு மேல இருக்கிற சுரப்பி பிரிச்சு மூக்குத்துளை வழியா சொட்டாக வடிச்சிரும்.

[காட்சி: பாறை இடுக்கில் பேடை, அசையாமல்.]

இப்போ கூட்டுக்கு வருவோம். எனக்கு இந்தப் பறவை மேல மரியாதை வந்தது இந்த இடத்துலதான். பேடை வழக்கமா 4 முதல் 6 முட்டை இடும். ஒரு முட்டை 110 கிராம் அளவுக்கு வரும், கோழி முட்டை ரெண்டை ஒண்ணா வச்ச எடை. அப்புறம் ஏறக்குறைய 25 நாள் அடை. அத்தனை நாளும் தீனி கிடையாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் சில நிமிஷம் இறங்கித் தண்ணி குடிக்கும், அவ்வளவுதான். சேவல் அடை தொடங்கினதுமே கடலுக்குப் போயிரும். குஞ்சு பொரிக்கிறப்போ பேடையோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல கரைஞ்சிருக்கும். வசந்தத்துல தின்ன சிப்பி போதலைன்னா, நடுவுலயே கூட்டை விட்டுட்டுப் போறதும் உண்டு.

தன் நெஞ்சுல இருக்கிற தூவியை, அதாவது பஞ்சு மாதிரி மெல்லிய இறகைப் பிடுங்கித்தான் கூட்டுக்கு மெத்தை போடும். பழுப்பு நிறம். இழைக்கு இழை கொக்கி மாதிரிச் சிக்கி நிக்கிறதால காத்துல பறக்காது. கையில அமுக்கி விட்டா மெதுவா உப்பி எழும். ஐஸ்லாந்துப் பண்ணைக்காரங்க மழையில்லாத நாளாப் பார்த்து இந்தத் தூவியை எடுத்துட்டு, பதிலுக்கு உலர்ந்த வைக்கோல் வைப்பாங்க. ஒரு கிலோ சுத்தமான தூவிக்கு 60 கூடாவது வேணும். வாத்தைக் கொல்லாமலே வருமானம். 1847லயே அங்க இதை வேட்டையாடத் தடை வந்திருச்சு.

குஞ்சு பொரிச்சதும் கடலுக்கு நடை. பல பேடைகள் தங்கள் குஞ்சுகளை ஒண்ணாச் சேர்த்து மேய்க்கும், குஞ்சு இல்லாத பேடையும் கூட வரும். அப்படியும் கடற்காகங்கள் பெரும்பாலானதைத் தூக்கிரும். ஐடர் இனம் நிலைக்கிறது வளர்ந்த பறவைகளோட நீண்ட ஆயுசால. அதனால வளர்ந்த பறவைகள் கூட்டமாச் செத்தா, ஈடுகட்ட ரொம்ப வருஷம் பிடிக்கும்.

அப்படி நடந்தும் இருக்கு. நெதர்லாந்தின் வாடன் கடல்ல 1990களோட தொடக்கத்துல சிப்பியையும் மட்டியையும் அளவுக்கு மேல அள்ளினாங்க. அப்புறம் 1999-2000 குளிர்காலத்துல சுமார் 21,000 ஐடர் பட்டினியால செத்துக் கரை ஒதுங்குச்சு. அங்க எந்திரம் வச்சு மட்டி அள்ளுறது 2005ல நின்னது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவுல பிரச்சினை வேற. அங்க பனிக்கட்டிக்கு நடுவுல உறையாம நிக்கிற திறந்த நீர்லதான் ஐடர் குளிர்காலத்தைக் கழிக்கும். 1992 வாக்குல அந்தத் திறப்புகள் உறைஞ்சு மூடினப்போ, சிப்பி அடியில இருந்தும் முங்க வழியில்லாம ஏராளமா மடிஞ்சிருச்சு.

[காட்சி: தலையின் பக்கவாட்டுத் தோற்றம்.]

கப்பல் வேலைக்கு அந்தப் பக்கம் போற நம்ம ஊர்க்காரங்களுக்கு அடையாளம் சொல்லிடறேன். நெத்தியும் அலகும் ஒரே சரிவு, ஆப்பு மாதிரி. சேவலுக்கு முதுகும் நெஞ்சும் வெள்ளை, வயிறு கறுப்பு, பிடரியில வெளிறின பச்சை. பேடை பழுப்புல கறுப்புக் கோடு, பாறையோட பாறையா இருக்கும். ‘ஆ...ஊ’ன்னு ராகம் இழுத்தா அது சேவல். கூட்டம் தண்ணியை ஒட்டித் தாழ்வா வரிசையாப் பறக்கும்.

கூடு இருக்கிற தீவுல இறங்க நேர்ந்தா, பேடை எழும்புற அளவுக்குக் கிட்டப் போகாதீங்க. எழும்பிருச்சுன்னா முட்டை திறந்து கிடக்கும், கடற்காகம் பார்த்துக்கிட்டே இருக்கும். ஓரத்துத் தூவியை எடுத்து முட்டை தெரியாம மூடிட்டு, வந்த வழியே உடனே திரும்பிருங்க.