துடிப்பை எண்ணுங்கள், கோணத்தை எழுதுங்கள்

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, வெளியூர்ப் பயணத்தை ஒத்திவைத்து வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனைப் பற்றி இரண்டு செய்திகள்: புள்ளி இரைச்சல், கோணம். அதற்கு முன் ஒரு பழமொழி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். டாப்ளருக்கென்றே சொல்லி வைத்தது போல இருக்கிறது.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றின் குறுக்களவும் 8 மைக்ரோமீட்டருக்குள். கருவி அனுப்பும் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 0.3 மில்லிமீட்டர். ஆகவே கருவி எந்த அணுவையும் தனியே பார்ப்பதில்லை. எண்ணற்ற எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓரிடத்தில் பெருகுகின்றன, ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. மழை விழும் தெப்பக்குளத்தைப் படித்துறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். அணுக்கள் ஓடுவதால் அந்தக் கோலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. திரையில் வேக வரைபடம் ரவை தூவியது போல் தெரிவது அதனால்தான். இதுதான் புள்ளி இரைச்சல். கருவியில் பழுதில்லை, விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் இது முற்றிலும் போகாது. ஒன்பது துடிப்புகளை அளந்து சராசரி எடுத்தால் இந்த இரைச்சலால் வரும் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்காகும். தீர விசாரிப்பது அதுதான்!

என் அண்ணனுக்குக் கழுத்துத் தமனியில் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கே என்பது வேண்டாம். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். ஜெல் தடவிய சூடு ஆறும் முன்பே, ஒரே துடிப்பில் படத்தை நிறுத்தி, நொடிக்கு 140 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். 125ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்று சந்தேகிப்பது வழக்கம். அன்றிரவு வீட்டில் உலை வைக்கவில்லை. அண்ணி ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினார். மகன் பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் ஓடி வந்தான். சொத்தைப் பிரித்து எழுதிவிடலாமா என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

பத்து நாள் கழித்து வேறோர் இடம். அங்கிருந்த மூத்த அம்மையார், "அவசரமில்லை ஐயா, தாடையைக் கொஞ்சம் திருப்புங்கள்" என்றார். ஒலிபெருக்கியில் 'உஷ், உஷ்' என்று ஓட்டம் கேட்டது. ஐந்து துடிப்புகளை அளந்தார். 118! பழைய படத்தையும் வாங்கிப் பார்த்தார். ஒலி எந்தக் கோணத்தில் ஓட்டத்தைச் சந்திக்கிறது என்று கருவிக்குச் சொல்ல, இரத்தக் குழாயோடு இணையாக வைக்க வேண்டிய கோணக்கோடு சாய்ந்திருந்தது. 60 பாகையை 65 என்று வைத்திருந்தார்கள். அந்த ஐந்து பாகை மட்டுமே 118ஐ 140 ஆக்கிவிடும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய்!

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்கிறேன். ஒவ்வொரு டாப்ளர் அறிக்கையிலும் வேகத்தின் பக்கத்தில் கோணமும், எத்தனை துடிப்புகளை அளந்தார்கள் என்பதும் அச்சாக வேண்டும். குறைந்தது ஐந்து துடிப்புகளை அளக்க நேரம் ஒதுக்க வேண்டும். டோக்கன் எண்ணிக்கையைக் கூட்டி அந்த ஊழியர்களை விரட்டுவது அநியாயம். அவர்கள் மீது எனக்குக் குறையே இல்லை.

மனு அந்த மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. மருத்துவர் ஐயா முதல் கையெழுத்தை இட்டுத் தர வேண்டுகிறேன். அடுத்தது நகர்மன்றத் தலைவர் அம்மையார்.