எஸ்ஓஏ பழசாகிவிட்டதா?

அடுத்த கேள்வி. "எங்கள் நிறுவனத்தில் ஆர்டர், பில்லிங், ஸ்டாக் மூன்றும் வெளியில் வாங்கிய தனித்தனி சாஃப்ட்வேர். எஸ்ஓஏ (SOA, ஒவ்வொரு வேலையையும் ஒரு சர்வீஸாக வைத்து இணைப்பது) முறையில் இணைக்கலாம் என்றால், அது பழசு, மைக்ரோசர்வீஸுக்கு, அதாவது சாஃப்ட்வேரைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாக உடைக்கும் முறைக்குப் போங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?"

பழசு என்பது பாதிதான் சரி. பழசானவை சோப் (SOAP), டபிள்யூஎஸ்டிஎல் (WSDL) மாதிரி, சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான கருவிகள், அவையும் வங்கிகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1996-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எஸ்ஓஏ பற்றி எழுதியபோது சோப்பே கிடையாது. அடிப்படை இதுதான்: ஒரு வேலைக்கு ஒரு சர்வீஸ் பொறுப்பு, மற்றவர்கள் அதன் ஏபிஐ (API, மற்ற சாஃப்ட்வேர் கேட்பதற்கென்று அது திறந்து வைத்திருக்கும் வாசல்) வழியாகத்தான் கேட்க வேண்டும், டேட்டாபேஸில் கைவைக்கக் கூடாது. பில்லிங் நேராக ஸ்டாக் டேபிளில் போய் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருந்தால், ஸ்டாக் பக்கம் ஒரு ஃபீல்டின் பெயர் மாறிய அன்றே பில் போடுவது நின்றுவிடும்.

சரி, ஏபிஐ வைத்தாயிற்று. அப்புறம்தான் உண்மையான தலைவலி. ஆர்டர் சாஃப்ட்வேர் 'பில் போடு' என்று கேட்கிறது, குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் டைம்அவுட் ஆகிறது. பில் விழுந்ததா இல்லையா? பதில் வரவில்லை என்பதற்காக வேலை நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினால், ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். அதனால் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி எண் போக வேண்டும், அதே எண் திரும்ப வந்தால் பில்லிங் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே கொடுக்க வேண்டும். இன்னொன்று, மூன்று டேட்டாபேஸையும் சேர்த்து ஒரே ரோல்பேக் (செய்ததையெல்லாம் ஒரேயடியாகப் பழையபடி ஆக்குவது) போட முடியும் என்று நம்பி இறங்காதீர்கள், ஸ்டாக் ஒதுக்கியபின் பில்லிங் தோற்றால், ஒதுக்கியதை விடுவிக்கத் தனியாக ஒரு அழைப்பு எழுதித்தான் ஆக வேண்டும். சாகா என்கிறார்களே, அது இதுதான்.

நடுவில் இஎஸ்பி (ESB, சர்வீஸ்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் சாஃப்ட்வேர்) வைப்பதா? ஃபார்மட் மாற்றவும் சரியான இடத்துக்கு அனுப்பவும் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. தள்ளுபடி விதியை அதற்குள் எழுத ஆரம்பித்தால் போச்சு, சின்ன மாற்றத்துக்குக்கூட எல்லோரும் இஎஸ்பியைப் பார்த்துக்கொள்ளும் டீமிடம் வரிசையில் நிற்க வேண்டும். எஸ்ஓஏவுக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மைக்ரோசர்வீஸ் உங்களுக்கு இப்போது தேவையே இல்லை என்பேன். சாஃப்ட்வேர் நீங்களே எழுதியதாக இருந்து, பல டீம்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் தங்கள் மாற்றங்களைத் தனித்தனியாக டெப்ளாய் செய்ய (புழக்கத்துக்குக் கொண்டுவர) வேண்டிய இடத்தில்தான் அதற்கு வேலை. வாங்கிய சாஃப்ட்வேரை நீங்கள் எப்படி உடைப்பீர்கள்? முதலில் ஸ்டாக்குக்கு ஏபிஐ போடுங்கள், மற்ற இரண்டும் கேட்டு நிற்பது அதைத்தான். பில்லிங்கைக் கடைசியில் தொடலாம்.