தவ்வையை மண்ணில் வனைதல்

நேயர்களுக்கு வணக்கம். சுடுமண் உருவங்கள் செய்வது என் தொழில். சில ஆண்டுகளாக, திருமகளின் அக்காளான தவ்வை என்னும் தெய்வத்தின் பழைய கற்சிற்பங்களைப் பார்த்து மண்ணில் வனைந்து வருகிறேன். மூத்ததேவி, சேட்டை என்றெல்லாம் வழிபடப்பட்ட அவளது பெயர் இன்று ‘மூதேவி’ என்னும் வசைச்சொல்லாக மட்டுமே நம் வாயில் வருகிறது. ஆனால் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் அவளை வடித்திருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்தில் அவளுக்கும் துர்க்கைக்கும் கோயில் எடுத்தவர் நக்கன் கொற்றி என்னும் பெண் என்று எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு கூறுகிறது.

பருத்த வயிறும் தளர்ந்த மார்புமாகக் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் அவளுக்கு ஒருபுறம் மாட்டு முகம் கொண்ட மகன் மாந்தன், மறுபுறம் மகள் மாந்தி, மேலே காக்கைக் கொடி. கல்லில் இவை அனைத்தும் பின்னுள்ள பலகையோடு ஒட்டிப் புடைத்திருப்பதால் எந்த உறுப்பும் தன் பாரத்தைத் தானே தாங்க வேண்டியதில்லை. மண்ணுருவத்துக்கு அந்த வசதி கிடையாது. முதலில் நான் செய்த உருவம் உள்ளே கெட்டியாக இருந்ததால், மேலே காய்ந்தும் நடுவில் தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி, வயிற்றைப் பிளந்துவிட்டது. அதன்பிறகுதான், குயவர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத ஒன்று எனக்கு உறைத்தது: அந்த வயிறு ஒரு குடம். இப்போது அதைக் குயவர் சக்கரமான திகிரியிலேயே மெல்லிய சுவரோடு வனைந்து, அடியில் துளையிட்டு, தோளையும் தொடையையும் மண்திரிகளால் ஏற்றுகிறேன்.

காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். என் மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. மெல்லிய கை முந்திக் காய்ந்தால் தோளில் விரிசல் விழும் என்பதால், கைகளை ஈரத்துணியால் மூடிப் பல நாள் காக்கிறேன். சூளையில் 573 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது மண்ணிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) திடீரென விரிவடைவதால் அங்கே அவசரம் கூடாது. தனித்து நீட்டிய கொடிக்கம்பம் வெப்பத்தில் வளைந்ததால், காக்கையை அவள் தோளருகே இறக்கிவிட்டேன். சிற்ப இலக்கணம் அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பளபளக்கும் கருப்பு மெருகு பூசிய ஓர் உருவம் கடைப்பொம்மையாகத் தோன்றியது. எனவே செம்மண் குழம்போடு நிறுத்திக்கொள்கிறேன். கல்லின் சிதைவைப் போலி செய்து மூக்கை உடைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவள் கையிலுள்ள துடைப்பத்தின் ஈர்க்குகளை மட்டும், பழைய இடியாப்ப உரலில் மண்ணைப் பிழிந்து செய்கிறேன்.