பெஞ்சிலிருந்து வந்த இகுடாலா

அவையோருக்கு வணக்கம்.

கூடைப்பந்தில் ஐந்து பேர்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அரங்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஐவரைத்தான். மற்றவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஆந்த்ரே இகுடாலா காத்திருந்து பழக்கப்பட்டவர் அல்ல. 2004-ல் அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீக்கில், ஃபிலடெல்ஃபியா அணிக்கு ஆட வந்தவர். அந்த அணியின் நட்சத்திரம் ஆலன் ஐவர்சன் அங்கிருந்து போன பிறகு அந்த அணியைத் தாங்கியவர்களில் முக்கியமானவர். 2007-08 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 19.9 புள்ளிகள், 2012-ல் லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. அப்புறம் டென்வரில் ஒரு வருஷம், 2013-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். லீக் ஆட்டங்களாக மட்டும் 758 ஆடியிருந்தார்; அத்தனையிலும் தொடக்க ஐவரில் ஒருவர்.

2014-ல் ஸ்டீவ் கெர் புதிய பயிற்சியாளராக வந்து, இனி பெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். காரணம் இருந்தது. இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸ் முந்தைய பருவத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்து தடுமாறினார்; தொடக்கத்திலிருந்தே ஆடவிட்டால் தேறுவார் என்று கெர் நம்பினார். அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி ஓய்வெடுக்கும் நிமிடங்களில் பந்தைப் பதறாமல் கையாளவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. கெரே தன் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியை பெஞ்சிலிருந்து வந்து கழித்தவர், அப்படியே ஐந்து கோப்பைகளும் வென்றவர். பெஞ்சைப் பற்றி அவர் பேசினால் எடுபடும்.

இகுடாலாவுக்கு அது பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சரி என்றார். அந்தப் பருவத்தில் 77 லீக் ஆட்டங்கள் ஆடினார், ஒன்றைக்கூட அவர் தொடங்கவில்லை. அணி 67 ஆட்டங்களில் வென்றது.

பிறகு 2015 இறுதித் தொடர்; முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணிக்குக் கோப்பை. எதிரே லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட். மூன்று ஆட்டம் முடிந்தபோது 2-1 என்று கிளீவ்லாண்ட் முன்னால் நின்றது. கெரின் உதவியாளர்களில் நிக் யூரன் என்றொரு இளைஞர், பழைய ஆட்ட வீடியோக்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்: கூடைக்கு அருகில் நிற்கும் ஏழடி உயர நடு ஆட்டக்காரர் (சென்டர்) போகட்டை உட்கார வைத்துவிட்டு, இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம். உயரத்தை விட்டு வேகத்தை வாங்கும் கணக்கு. ஆட்டத்துக்கு முன் நிருபர்கள் கேட்டபோது கெர் இதை மூடி மறைத்தார். பொய் சொன்னேன் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

நான்காவது ஆட்டம் தொடங்கியதும் 7-0 என்று கிளீவ்லாண்ட் முந்தியது. யோசனை பாழ் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் முதல் கால் பகுதி முடியும்போது 31-24 என்று வாரியர்ஸ் முன்னால். இகுடாலா 22 புள்ளிகள் எடுத்தார். அதைவிடப் பெரிய வேலை, லெப்ரானை ஒட்டிக்கொண்டே நின்றது. முழுசாக நிறுத்த யாராலும் முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் அவரை வியர்க்க வைக்கலாம், அவ்வளவுதான். லெப்ரான் அன்று 20 புள்ளிகளோடு நின்றார். ஆட்டம் 103-82. அடுத்த இரண்டையும் வென்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு வாரியர்ஸ் கோப்பையைத் தூக்கியது.

ஒரு வேடிக்கை பாருங்கள்: எதிரணி ஃபவுல் செய்தால் தடுப்பார் இல்லாமல் கூடையில் எறியக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ; இந்த நாயகனுக்கு அந்தத் தொடரில் அதைப் போடவே வரவில்லை. அதனால் கிளீவ்லாண்ட் வேண்டுமென்றே அவர்மேல் ஃபவுல் செய்து பார்த்தது. அப்படியும் தொடர் நாயகன் விருது அவருக்குத்தான். லீக் பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காத ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

விருதுக்கு வாக்களித்த பதினொரு ஊடகத்தாரில் அவருக்கு ஏழு பேர், தோற்ற அணியின் லெப்ரானுக்கு நான்கு. கரிக்கு ஒன்றுகூட இல்லை. இதை வைத்து இன்றும் சண்டை நடக்கிறது. ஆட்டத்துக்கு 35.8 புள்ளிகள் எடுத்த லெப்ரானுக்கே கொடுத்திருக்கலாம் என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொடர் எந்த இடத்தில் திரும்பியது என்று கேட்டால் நான் நான்காவது ஆட்டத்தைத்தான் காட்டுவேன். என் ஓட்டு இகுடாலாவுக்கே.

விருது வாங்கினாரே, அடுத்த பருவம் தன் பழைய இடத்தைக் கேட்டாரா? இல்லை, திரும்பவும் பெஞ்சுக்கே போனார். 2017, 2018 கோப்பைகள் வந்த பருவங்களிலும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே வந்தார். நடுவில் மயாமி போய்விட்டுத் திரும்பி வந்து, 2022-ல் நான்காவதையும் தொட்டார். அதற்குள் வயது 38. களத்தில் கிடைத்த நிமிடங்கள் கொஞ்சம்தான். அந்தப் பருவத்தில் அவருடைய வேலையில் பாதி, பெஞ்சில் இளைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் இடது பக்கம்தான் திரும்புவான், அவனை உள்ளே விடாதே என்று சொல்லிக்கொடுப்பதாகவே இருந்திருக்கும்.