எறும்புக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களுக்கும் பினாங்குத் தமிழ் மக்களுக்கும் வணக்கம். ‘இன்றைய கலை பழைய காயங்களைக் கிளறுகிறதா, ஆற்றுகிறதா?’ என்பது தலைப்பு; ஆற்றுகிறது என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “சீனியில் பொம்மை செய்தால் எறும்புக்குத்தான் லாபம்” என்றார், நீங்களும் கைதட்டினீர்கள். அவர் கேலி செய்தது, 2014இல் நியூயார்க்கின் புரூக்ளினில், இடிபடவிருந்த பழைய சர்க்கரை ஆலைக்குள் காரா வாக்கர் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் எழுப்பிய உருவத்தை. சுமார் 75 அடி நீளம், 35 அடி உயரம். சிங்கத்தின் உடல், கறுப்பினப் பெண்ணின் முகம், தலையில் முடிந்த துணி, மேலெல்லாம் வெள்ளைச் சீனி. கரும்புக்காட்டிலிருந்து சமையலறை வரை கூலியின்றி உழைத்தவர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். சுற்றிலும் கூடை சுமந்து நின்ற சிறுவர்களின் பாகு உருவங்கள், வெக்கை ஏற ஏற உருகி ஒழுகின.

எறும்பு வந்ததோ இல்லையோ, மனிதர்கள் திரண்டு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் அவளுடைய மார்பையும் பின்புறத்தையும் காட்டிப் பல்லிளித்துப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். பார்க்க வந்த கூட்டத்தையே வாக்கர் படம்பிடித்து, பிறகு அதையும் ஒரு படைப்பாகக் காட்டினார். ஆகவே, எதிரணித் தலைவர் அவர்களே, இனிச் சிரிப்பதற்கு முன் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைதட்டியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்கச் சீனி நமக்கு எதற்கு என்றும் கேட்டார். ஃபெரி ஏறினால் அக்கரை செபராங் பிறை. கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்காரத் துரைமாருக்காக அங்கே கரும்பு வெட்டியவர்கள், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம்மவர்கள்தாம்.

கலை ஆற்றுகிறது என்பதற்கு என்னிடம் ஆய்வுச் சான்று எதுவும் இல்லை, பாட்டிதான் இருக்கிறார். அவருடைய ஆயா அந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆயாவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. முகம் எப்படி இருக்கும் என்று எப்போது கேட்டாலும் பாட்டி, “மறந்துபோச்சு” என்று எழுந்து போய்விடுவார். போன வாரம் இந்தப் பேச்சுக்காக அந்தச் சீனிப் பெண்ணின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காப்பி கொண்டுவந்த பாட்டி, கண்ணாடியைச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. “எங்க ஆயாவும் துணிய இப்படித்தான் முன்னால முடிச்சுப் போடும்” என்று சொல்லித் தம் நெற்றிமேல் கைவைத்துக் காட்டிவிட்டு, அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும்வரை ஆயாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

காப்பி ஆறிப்போயிற்று, நடுவர் அவர்களே. ஆறியது காப்பி மட்டும்தானா என்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.