ரைபோசோம் வாசலில் ஒரு வெட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஹெச்பிஏ1சி பரிசோதனையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏழுக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த எண் எதை அளக்கிறது? இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் முதலாவதாக நிற்கும் வாலின் என்ற அமினோ அமிலத்தில் குளுக்கோஸ் எந்த அளவுக்கு ஒட்டியிருக்கிறது என்பதை.

அந்தச் சங்கிலி உருவானபோது வாலின் முதலிடத்தில் இல்லை. செல்லுக்குள் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோம், கோக்கத் தொடங்குவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில். சங்கிலி வளர வளர, அதன் நுனி ரைபோசோமுக்குள்ளிருக்கும் குறுகிய சுரங்கத்தின் வழியே நகர்கிறது. முப்பது, நாற்பது அமினோ அமிலங்கள் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். முழுமையான பீட்டா சங்கிலியில் இருப்பவை 146. ஆக, இன்னும் நூறு பாக்கி இருக்கும்போதே நுனி வெளியே எட்டிப்பார்க்கிறது. அங்கே மெத்தியோனின் அமினோபெப்டிடேஸ் என்ற நொதி, வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோல, மெத்தியோனினைக் கிள்ளி எறிகிறது. எல்லாப் புரதங்களிலும் அல்ல. அடுத்து நிற்பது கிளைசின், அலனின், வாலின் போலச் சிறியதாக இருந்தால் மட்டும். பெரியதாக இருந்தால் நொதியின் குழிக்குள் அது நுழையாது.

ஒரு செல்லில் லட்சக்கணக்கான ரைபோசோம்கள். இந்த நொதி சரியான நேரத்தில் சரியான வாசலுக்கு எப்படி வருகிறது? கூட்டி வருவது ‘நாக்’ என்ற புரதக்கூட்டு. சுரங்கத்தின் வாயருகே அமர்ந்துகொண்டு, நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் இதைப் படமாகவே காட்டினார்கள். எனக்குப் பிடித்தது 2024இல் வந்ததுதான்: கிள்ளும் நொதியோடு, அடுத்த வேலையைச் செய்யும் நொதியையும் அதே ‘நாக்’ அருகிலேயே தாங்கி நிற்கிறது.

அந்த அடுத்த வேலை, நுனியில் அசிட்டைல் தொகுதி என்ற சிறிய வேதி மூடியைச் சேர்ப்பது. மனிதப் புரதங்களில் சுமார் 80 விழுக்காடு இப்படி மூடப்படுகின்றன. ஆனால் வாலினை இந்த நொதி பெரும்பாலும் சீண்டுவதில்லை. எனவே பீட்டா சங்கிலியின் அமினோ நுனி திறந்தே கிடக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், நொதி எதுவும் இல்லாமலே, குளுக்கோஸ் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவு அதில் பதிவாகிவிடுகிறது. நேற்று சாப்பிட்ட ஜாங்கிரியை மட்டும் வைத்து அந்த எண் ஏறாது. பரிசோதனைக்கு முந்தைய நாள் பட்டினி கிடந்தாலும் இறங்காது.

இன்னொன்று. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் அறியப்பட்ட, சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் நோயைத் தரும் அரிவாள் செல் மரபணுவை, பழைய நூல்கள் பீட்டா சங்கிலியின் ஆறாமிடத்து மாற்றம் என்கின்றன. இன்றைய மரபணு அறிக்கைகள் பலவற்றில் ஏழாமிடம் என்றிருக்கும். கிள்ளி எறியப்பட்ட மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் ஏழு; விட்டுவிட்டால் ஆறு. இரண்டு அறிக்கைகளில் இரண்டு எண்கள் இருந்தால் இரண்டு நோய்கள் என்று பயந்துவிடாதீர்கள். வணக்கம்.