குழந்தைக்குப் புவியியல்: பல்லியின் பார்வையிலிருந்து தொடங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு விருந்தினர் வந்தால், ஐந்து வயதுக் குழந்தையை முன்னால் நிறுத்தி, மாநிலங்களின் தலைநகரங்களை வரிசையாக ஒப்பிக்கச் செய்யும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், நம் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று அதே குழந்தையிடம் கேட்டால், அது பெரும்பாலும் தாயின் முகத்தைத்தான் பார்க்கும். திசையையும் உயரத்தையும் தொலைவையும் குழந்தை தானே உணர்ந்தறிந்த பிறகு வரும் பெயர்களே மனத்தில் தங்கும் என்பது என் கருத்து. ஐந்து முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அந்த உணர்வைத் தரக்கூடிய சில விளையாட்டுகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

வரைபடத்தில் குழந்தைக்கு மிகவும் கடினமானது, அது மேலிருந்து பார்த்த காட்சி என்பதைப் புரிந்துகொள்வதுதான். அதற்கு நம் வீட்டிலேயே ஓர் ஆசிரியர் இருக்கிறார். கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்கு இந்த அறை எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கட்டில் ஒரு நீள்சதுரமாகவும், தண்ணீர்க் குடம் ஒரு வட்டமாகவும் தாளில் இறங்கும். பிறகு அந்த அறையில் ஒரு கடலை மிட்டாயை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தைத் தாளில் குறித்துக் கொடுத்துவிட்டால், குழந்தை தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத் தானாகவே வழி கண்டுபிடிக்கும். அப்படித் திருப்பிப் பிடிப்பதைத் தடுக்காதீர்கள். வரைபடத்தை நிலத்தோடு பொருத்துவது அதுதான்.

அடுத்தது நிழல். மொட்டை மாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, முற்பகல் முதல் பிற்பகல் வரை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரத்தில் அது காட்டும் கோடு வடக்கு தெற்காக அமையும். கடிகாரம் அப்போது சரியாகப் பன்னிரண்டு காட்ட வேண்டும் என்பதில்லை. டிசம்பரில் அந்த நிழல் வடக்கே நீண்டு கிடக்கும். ஜூனில் பார்த்தால், அது தெற்கே விழுவதைக் கண்டு குழந்தை மட்டுமல்ல, பெரியவர்களும் வியந்துபோவார்கள். நடுவே ஒரு நாளில் நண்பகல் நிழலே இல்லாமல் போகும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஆம் தேதியை ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24ஆம் தேதியை ஒட்டியும் இது நிகழ்கிறது. சூரியன் தெற்கு நோக்கித் திரும்பும்போது, சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் மீண்டும் ஒரு முறை நிகழும். கடகரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லியில் வாழும் குழந்தைக்கு இந்தக் காட்சி வாய்ப்பதே இல்லை. ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அட்சரேகை என்ற சொல்லை உச்சரிக்காமலேயே, அதன் பொருளைக் குழந்தை மாடியில் கற்றுக்கொண்டுவிடும்.

உயரத்தைக் கற்பிக்க ரயில் பயணம் போதும். நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுதியிருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஜன்னலோர இருக்கையில் அமர்ந்த குழந்தையிடம் ஒரு கட்டமிட்ட நோட்டைக் கொடுத்து, அந்த எண்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்துவரச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் வழியில், ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் கோடு விறுவிறுவென்று ஏறி, 900 மீட்டரை நெருங்கும். பெங்களூரில் மாலையில் குளிர்வது ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கோடே பாதி விடை. நீலகிரி மலை ரயிலில் ஏற வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது: மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் தொடங்கி, உதகமண்டலத்தில் 2,203 மீட்டரை எட்டும் அந்த 46 கிலோமீட்டருக்குள், பாக்குத் தோப்பும் காடும் தேயிலைத் தோட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் குழந்தை கண்ணாலேயே பார்த்துவிடும்.

பயணத்துக்கு வசதி இல்லாதவர்களுக்கு அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. மிளகு, மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் விளைவது. பெருங்காயமோ, ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளின் குளிர்ந்த வறண்ட நிலங்களிலிருந்து வருவது. இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சி, 2020ஆம் ஆண்டில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்தான் தொடங்கியது. ரசத்தில் நாள்தோறும் போடும் பொருள் நம் தோட்டத்தில் ஏன் முளைப்பதில்லை என்று குழந்தை கேட்டால், தட்பவெப்பநிலைப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

உலக உருண்டையைக் கொஞ்சம் தாமதமாகவே கொண்டுவாருங்கள். முதலில் ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோலை முழுதாக உரித்து, மேசைமேல் தட்டையாக்கச் சொன்னால், அது கிழிந்துபோகும். கிழியாமல் இருக்க வேண்டுமானால் எங்கேயாவது இழுத்து நீட்டியாக வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்துக் காட்டும் மெர்கேட்டர் என்ற முறையில் வரைந்த உலகப் படங்களில் துருவத்தை ஒட்டிய நாடுகளுக்கு நேர்ந்தது அதுதான். கிரீன்லாந்து அங்கே ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. மெல்லிய தாளை உருண்டைமேல் வைத்து கிரீன்லாந்தை வரைந்து வெட்டி, அது ஆப்பிரிக்காவுக்குள் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். உண்மையில் ஏறத்தாழ பதினான்கு மடங்கு. குழந்தையின் கணக்கில் பத்தோ பன்னிரண்டோ வந்தாலும் குறையில்லை. இதற்கு விலை உயர்ந்த உருண்டை தேவையில்லை, சாய்ந்த அச்சில் சுழலும் சிறிய உருண்டை ஒன்று போதும்.

வணக்கம்.